டாக்டர் பால் பிராண்டு: தொடுவுணர்வின் அருமை கண்ட வைத்தியர்

முன்னுரை

உயிர்களை அறிவின் அளவால் வகுத்துக் கூறப் புகுந்த தொல்காப்பியனார், புல்லும் மரமும் ஓரறிவுடையன என்றும், அவ்வோரறிவாவது உற்றறிதலே என்றும் வரையறுத்தார். சுவை, நாற்றம், ஒளி, ஓசை ஆகியவற்றை அறியும் அறிவுகள் அதன்மேல் ஒவ்வொன்றாய் ஏறிவர, ஆறாவதாக மனம் வந்து அமைகின்றது. அறிவனைத்திற்கும் அடித்தளமாய் நிற்பது ஊறு எனப்படும் தொடுவுணர்வே என்பது இப்பகுப்பினால் இனிது விளங்கும். ஆயினும் நம் காலத்தில் மனிதன் ஆக்கும் யந்திரங்கள் இம்முறையைத் தலைகீழாக்கிக்கொண்டு வளர்கின்றன. யந்திர மனிதனுக்குக் கண்ணாகப் படக்கருவி வாய்த்தது; செவியாக ஒலிவாங்கி வாய்த்தது; கணக்கிலும் சதுரங்கத்திலும் மாந்தரை வெல்லும் மூளையும் வாய்த்தது. புல்லுக்கும் உரிய அம்முதலறிவு மட்டும் அதற்கு இன்னும் செவ்வையாக வாய்த்தபாடில்லை.

ஆலங்குடி வட்டத்துக் கீரமங்கலத்தில் பூக்கட்டும் பெண்டிரை நம்மிற் பலர் கண்டிருப்பர். பேச்சு ஒருபுறம் நடக்கும். பார்வை வேறெங்கோ செல்லும். விரல்கள் மட்டும் மல்லிகை மொட்டுக்களை இரண்டிரண்டாக எடுத்து வைத்து நாரினால் முடிந்துகொண்டே போகும். மொட்டு நசுங்குவதுமில்லை, நழுவுவதுமில்லை, முடிச்சுத் தளர்வதுமில்லை. எவ்வளவு அழுத்தினால் நிற்கும், எவ்வளவு அழுத்தினால் கெடும் என்பதை அவ்விரல்களே அறிந்து நடக்கின்றன. இச்சிறு தொழிலைச் செய்யவல்ல கையொன்றை யந்திரத்திற்கு அமைத்துக் கொடுத்தல் இன்றைய பொறியியல் வல்லுநர்க்கு மிக அரிய காரியமாயிருக்கின்றது.

இவ்வருமையை ஏனையோர்க்கு முன்னரே உணர்ந்தவர் ஒருவர் நம் தமிழ்நாட்டு மலையொன்றிற் பிறந்தார்; நம் வேலூரிலே தொண்டு செய்தார்; உணர்விழந்த கைக்குக் கருவியினால் உணர்வு ஊட்ட முயன்று, அம்முயற்சியில் தோற்றும் போனார். அத்தோல்வியிலிருந்து அவர் கற்ற பாடம் பல வெற்றிகளினும் மேலானது. அவரே டாக்டர் பால் பிராண்டு. அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

பால் வில்சன் பிராண்டு 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் கொல்லிமலையிற் பிறந்தார். தந்தையார் ஜெஸ்ஸி பிராண்டு, தாயார் ஈவ்லின். இருவரும் இங்கிலாந்தினின்று வந்த பாப்டிஸ்டு சபையினர். அந்நாளில் கொல்லிமலைக்கு வண்டி செல்லும் பாதை கிடையாது. மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே இராத்தங்கவும் தயங்குவர். அத்தகைய இடத்தில் அவ்விருவரும் வீடு கட்டி, பள்ளி வைத்து, தமக்குத் தெரிந்த சிறிதளவு வைத்தியத்தைக்கொண்டு மலைவாழ் மக்களின் புண்ணையும் காய்ச்சலையும் ஆற்றி வந்தனர். ஜெஸ்ஸி கட்டடத் தொழிலிற் கைதேர்ந்தவர். கறையான் புற்றையும் பறவைக் கூட்டையும் மகனுக்குக் காட்டி, சிற்றுயிர்களின் கட்டட வேலையை வியந்து விளக்குவது அவர் வழக்கம்.

அவ்விளமையில் நிகழ்ந்த ஒன்று பிராண்டின் மனத்தில் என்றும் நீங்காது பதிந்தது. ஒரு நாள் தொழுநோயாளர் மூவர் அவ்வீட்டிற்கு வந்தனர். தந்தையார் அவர்களுடைய கால்களைக் கழுவி, மருந்திட்டுக் கட்டி அனுப்பினார். எந்நோயாளரையும் வெறுத்தறியாத அக்குடும்பத்திலும் அன்று குழந்தைகள் அகற்றப்பட்டனர். வந்தோர் அமர்ந்திருந்த இடம் தேய்த்துக் கழுவப்பட்டது. அங்கே விளையாடலாகாதெனத் தாயாரும் தடுத்தார். பெற்றோரின் முகத்தில் அச்சத்தைச் சிறுவர் கண்டது அன்றுதான்.

1923ஆம் ஆண்டில், ஒன்பதாம் வயதில், கல்வியின் பொருட்டுப் பாலும் அவர் தங்கை கான்னியும் இங்கிலாந்திற்கு அனுப்பப்பட்டனர். அதன்பின் தந்தையாரை மகன் காணவேயில்லை. 1929ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலைக்காய்ச்சலின் கொடிய வகையொன்று ஜெஸ்ஸி பிராண்டின் உயிரைக் கவர்ந்தது. செய்தி தந்தியில் விரைந்து வந்தது. கப்பலில் வரும் கடிதமோ மெல்ல வந்தது. ஆகவே தந்தை இறந்தார் என்று அறிந்தபின்னர், அவர் உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் மகன் கைக்கு வந்து சேர்ந்தது. தாயாரோ கணவரை இழந்தும் மலைகளை விட்டகலாது, 1974ஆம் ஆண்டில் 95 வயதில் இறக்குமளவும் மலைமக்களிடையே உழைத்து வந்தார்.

தச்சுத் தொழிலும் வைத்தியமும்

மலையிற் கண்ட சீழும் இரத்தமும் பாலுக்கு வைத்தியத் தொழிலின்மேல் அருவருப்பையே உண்டாக்கியிருந்தன. தந்தையாரைப் போலக் கட்டடம் கட்டுபவராக இந்தியாவிற்குத் திரும்புவதே அவர் கருத்து. ஆதலின் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தச்சு, கொத்து முதலிய கைத்தொழில்களைச் சில ஆண்டுகள் முறையாகப் பயின்றார். பின்னர், அயல்நாட்டுத் தொண்டிற்குச் செல்வோர்க்கென நடத்தப்பெற்ற ஓராண்டு வைத்தியப் பயிற்சியிற் சேர்ந்தார். அக்காலத்தில் ஓரிரவு, குருதி வற்றிப் பிணம்போல் வெளிறிக் கிடந்த பெண்ணொருத்தி, பிறர் குருதி ஏற்றப்பட்டதும் கன்னம் சிவந்து கண் விழித்ததை மருத்துவமனையிற் கண்டார். அக்காட்சி அவர் உள்ளத்தை முற்றும் மாற்றிவிட்டது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்தார். யுத்த காலத்தில் ஜெர்மானியர் குண்டு மழை பொழிந்தபோது, நொறுங்கிய கைகால்களைச் சீர்ப்படுத்தும் பயிற்சி அவருக்கு வேண்டுமளவும் கிடைத்தது. உடன்பயின்ற மார்கரெட் பெர்ரியை 1943இல் மணந்தார். அவ்வம்மையார் பிற்காலத்தில் தொழுநோயாளரின் கண் சிகிச்சையில் பெயர் பெற்றார்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய மருத்துவக் கல்லூரிக்கு இரண சிகிச்சை கற்பிப்பார் ஒருவர் தேவைப்பட்டது. தொழுநோய் வைத்தியத்திற் புகழ்பெற்ற டாக்டர் ராபர்ட் காக்ரேன் அழைக்க, 1946ஆம் ஆண்டு இறுதியில் பிராண்டு இந்தியாவிற்கு மீண்டார்.

செங்கற்பட்டிற் கண்டது

1947ஆம் ஆண்டில் காக்ரேன் தம் நண்பரைச் செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய்ச் சானடோரியத்திற்கு அழைத்துச் சென்றார். தோட்டத்து மலர்களைக் காட்டிக்கொண்டே அவர் நடக்க, பிராண்டின் கண்களோ நோயாளரின் கைகளிலேயே நின்றன. வணங்கக் குவிந்த கைகளெல்லாம் பறவையின் நகம்போல் வளைந்திருந்தன. சிலவற்றில் விரல்கள் குறைந்திருந்தன. சிலவற்றில் விரல்களே இல்லை. இவை ஏன் இவ்வாறாயின என்று பிராண்டு கேட்டார். காக்ரேன் தோல்நோய் வைத்தியர். எலும்பும் தசையும் ஆராய்தல் பிராண்டின் தொழில். உலகில் எத்துணையோ இலட்சம் பேரை முடமாக்கிய இந்நோயின் ஊனத்தை எலும்பு வைத்தியர் எவரும் முறைப்படி ஆராயவில்லையென்பது அன்று வெளிப்பட்டது.

அங்கிருந்த நோயாளர் ஒருவரின் வளைந்த கையினுள் தம் கையை வைத்து, இயன்றவரை இறுக்குமாறு பிராண்டு கேட்டுக்கொண்டார். மெலிந்த பிடியையே எதிர்பார்த்தார். அக்கையோ இரும்புப் பிடியாக நெரித்து, நகங்கள் தோலிற் பதிய, அவரை வலி பொறாது கூவச் செய்தது. நோயாளரின் முகத்தில் குரோதம் சிறிதுமில்லை. தாம் எவ்வளவு அழுத்துகின்றோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை! அவ்வொரு கணத்தில் பிராண்டு இரண்டு உண்மைகளைக் கண்டார். முடமாகத் தோன்றிய அக்கையில் வலிய தசைகள் கெடாது உள்ளன என்பது ஒன்று. வலிமை இருந்தும் உணர்வு இல்லையாயின், அக்கை பிறருக்கும் தனக்கும் தீங்காகும் என்பது மற்றொன்று.

முதல் உண்மையிலிருந்து சிகிச்சை பிறந்தது. இறந்த நோயாளர் ஒருவரின் உடலை அறுத்து ஆராய்ந்ததில், நரம்புகள் தோலுக்கு அண்மையாய் ஓடும் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் முதலிய இடங்களிலேயே வீங்கிக் கெட்டிருந்தமை தெரிந்தது. இந்நோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளையே நாடுமென்று பிராண்டு கருதினார். ஆகவே மேலே கிளைக்கும் நரம்புகளால் இயங்கும் முன்கைத் தசைகள் தப்பின. விரல்களை நேராக நிறுத்தும் உட்கைச் சிறு தசைகளே செயலற்றன. தப்பிய தசையின் நாண் ஒன்றைப் பிரித்து, செயலற்ற தசையின் இடத்திற்குக் கொண்டுபோய்த் தைத்தால், விரல் மீண்டும் விரியுமன்றோ? 1948இல் இவ்வாறு தொடங்கிய சிகிச்சை பலித்தது. தச்சர் மரத்தை அளந்து அறுப்பதுபோல், எந்நாண் எத்திசையில் எவ்வளவு இழுக்கும் என்று பிராண்டு அளந்தறிந்தார். இதனைப் பற்றி 1952இல் இங்கிலாந்தின் இராஜரீக இரண வைத்தியர் கல்லூரியில் ஹண்டேரியன் விரிவுரை நிகழ்த்தும் பெருமையும் அவருக்குக் கிடைத்தது.

பூட்டும் சாவியும்

இரண்டாம் உண்மையோ மெல்லவே முழுதும் விளங்கிற்று. தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. ஒரு நாள் துருவேறிய பூட்டொன்றைத் திறக்க இயலாது பிராண்டு வருந்தி நின்றார். நோயாளியாகிய சிறுவன் ஒருவன் முன்வந்து, சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். ஊட்டமின்றி மெலிந்த சிறுவனுக்கு இவ்வளவு வலிமை ஏது என்று வியந்த பிராண்டு, தரையிற் சொட்டிய இரத்தத்தைக் கண்டார். சாவி அவன் விரலை எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவனோ அதனை அறியவேயில்லை. நம் விரலாயின் அச்சாவியை அவ்வளவு அழுத்தத் துணியாது. வலி அதனைத் தடுத்துவிடும். தடுப்பாரில்லாமையால் அச்சிறுவனின் கை தன்னையே அறுத்துக்கொண்டது.

அன்று முதல் பிராண்டும் உடனுழைத்தோரும் நோயாளரின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினர். கொதிக்கும் பாத்திரத்தைத் துணியின்றித் தூக்கியது, விளக்குக் கண்ணாடியிற் கைபட்டது, கரடான கைப்பிடியை இறுகப் பிடித்து மண்வெட்டியது, செருப்பிற் புகுந்த ஆணியை அறியாது நாள் முழுதும் நடந்தது என்று ஏதேனும் ஒரு காரணம் வெளிப்பட்டது. தீயினுள் விழுந்த கிழங்கை வெறுங்கையால் அமைதியாக எடுத்துக் கொடுத்த முதியவரையும் பிராண்டு கண்டார். இரவிலே படுக்கும்போது முழுதாயிருந்த விரல் காலையிற் குறைந்திருந்ததற்குக் காரணம் மட்டும் நெடுநாள் புலப்படவில்லை. இரவில் விழித்திருந்து பார்த்தபோது, உறங்கும் நோயாளரின் உணர்வற்ற விரலை எலி கடித்துத் தின்பதைக் கண்டனர்! அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு செல்வோர்க்குப் பூனையொன்றும் கொடுத்தனுப்பும் வழக்கம் உண்டாயிற்று.

இவ்வாராய்ச்சியின் பயன் பெரிது. தொழுநோயாளரின் சதை பிறர் சதையைப் போலவே ஆறும் என்பதும், விரல்களை அழிப்பது பெரும்பாலும் காவலிழந்த அன்றாட வாழ்க்கையே என்பதும் நிறுவப்பட்டன. ஊழ்வினையென்றும் தெய்வ சாபமென்றும் கருதி வீட்டினின்று துரத்தப்பட்டோர்க்கு, நாள்தோறும் கைகால்களைக் கண்ணாற் சோதித்துக்கொண்டால் அவற்றைக் காக்கலாம் என்னும் நம்பிக்கை பிறந்தது.

நவ ஜீவ நிலையம்

கை திருந்தினால் வாழ்வும் திருந்தும் என்று பிராண்டு முதலில் எண்ணினார். உலகம் அவ்வாறு இருக்கவில்லை. சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவர்க்கு வேலை கொடுப்பார் இல்லை. வளைந்த கை இரக்கம் விளைத்துப் பிச்சையேனும் ஈட்டித் தந்தது. திருந்திய கையோ அதனையும் கெடுத்தது. இவ்வாறு முறையிட்டோரின் சொற்கள் அவர் நெஞ்சை அறுத்தன. ஆகவே 1951இல் வேலூர் மருத்துவக் கல்லூரி நிலத்தில் மண்குடிசைகளாலாகிய சிற்றூர் ஒன்றை அமைத்து, நவ ஜீவ நிலையம் என்று பெயரிட்டார். இளமையிற் கற்ற தச்சுத் தொழில் இங்கே கைகொடுத்தது. அவரே நோயாளர்க்கு உளி பிடிக்கவும் மரப்பொம்மை செய்யவும் கற்பித்தார். உணர்வற்ற கைக்கு எந்தக் கருவி தீங்கு செய்யும், எக்கைப்பிடியை எவ்வாறு மாற்ற வேண்டும் என்பனவும் அங்கேதான் தெளிவாயின. உணர்வற்ற பாதங்களுக்கெனச் செருப்பிலும் பல சோதனைகள் செய்து, மெத்தென்ற ரப்பர் அடி வைத்த செருப்புக்களை வழக்கிற் கொணர்ந்தார்.

பின்னர்க் காட்பாடிக்கு அண்மையிலுள்ள கரிகிரியில் 1955இல் திறக்கப்பெற்ற ஷீஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் அவருடைய பணி தொடர்ந்தது. அவர் பயிற்றுவித்த மாணவர் பலர். விபத்தினால் இடுப்பின்கீழ் உணர்விழந்து சக்கர நாற்காலியிலமர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ், அந்நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்குச் சிகிச்சை செய்யக் கற்றதும் அவரிடத்திலேயே. 1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் பரிசும், 1961இல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.ஈ. விருதும் பிராண்டை வந்தடைந்தன.

துயர இரவொன்று

உணர்வின் அருமையை நூலறிவால் உணர்தல் வேறு. தம்மிடத்தே உணர்தல் வேறு. ஒரு முறை இங்கிலாந்தில், நெடுநேர இரயில் பயணத்திற்குப்பின் விடுதியறையிற் காலணியைக் கழற்றிய பிராண்டு, தம் குதிகாலில் உணர்வில்லாமையைக் கண்டு திடுக்கிட்டார். ஊசியாற் குத்தினார், இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோயாளரோடு பல்லாண்டு பழகியவர்க்கு அதன் பொருள் சொல்ல வேண்டுவதில்லை. இனி மனைவி மக்களோடு வாழ்வதெங்ஙனம், இரண சிகிச்சை செய்வதெங்ஙனம் என்று இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியால் குத்த, வலி சுரீரென்று ஏறியது! இரயிலில் அசையாது அமர்ந்திருந்ததால் நரம்பொன்று மரத்ததே காரணம். அன்று அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. வலியை இறைவன் கொடுத்த கொடையென்று அவர் வாழ்நாள் முழுதும் கூறிவந்ததற்கு அவ்விரவும் ஒரு காரணமாகும்.

செயற்கை உணர்வு

1966இல் பிராண்டு அமெரிக்காவின் லூசியானா மாகாணத்துக் கார்வில் என்னுமிடத்திலிருந்த அரசாங்கத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். நீரிழிவு நோயாளரின் பாதங்களும் உணர்விழந்து, நம் நாட்டுத் தொழுநோயாளரின் பாதங்களைப் போலவே புண்பட்டு அழிவதை அங்கே கண்டார். செங்கற்பட்டிலும் வேலூரிலும் கற்ற பாடங்கள் இவ்வாறு கடல் கடந்து வேறொரு நோயாளர் கூட்டத்திற்கும் பயன்பட்டன. பாதத்தோடு முழுதும் பொருந்துமாறு சாந்துக் கட்டுப் போட்டு, அழுத்தத்தைப் பாதமெங்கும் பரவச் செய்து புண்ணை ஆற்றும் முறையை அந்நாட்டில் வழக்கிற் கொணர்ந்தவர் அவரே.

அங்கேதான் அவர் தம் வாழ்நாளின் துணிகரமான முயற்சியைத் தொடங்கினார். இயற்கை உணர்வு போயிற்றென்றால் செயற்கை உணர்வை அமைத்துக் கொடுத்தாலென்ன? அமெரிக்க அரசின் பொருளுதவியோடு மின்னணுப் பொறியாளரும் உயிர்ப்பொறியியலாரும் ஒருங்கு கூடினர். அழுத்தத்தை அறியும் சிறு கருவிகளைக் கையுறையின் விரல்நுனிகளிலும் காலுறையிலும் பதித்தனர். அழுத்தம் அளவு கடந்தால், கருவி மின்குறிப்பை அனுப்பும். முதலில் அக்குறிப்பை நோயாளரின் காதில் ஒலியாக எழுப்பினர். பின்னர்க் கண்முன் விளக்காக ஒளிரச் செய்தனர்.

இடையூறுகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றின. கருவிகள் விலை மிக்கன, ஆயினும் நாள்தோறும் நெருக்குண்டு உடைந்தன, வியர்வையால் துருப்பிடித்தன. நம் தோலோ தேய்ந்தால் வளர்ந்துகொள்கின்றது, கிழிந்தால் ஒட்டிக்கொள்கின்றது. அன்றியும், எந்த அழுத்தம் தீங்கு, எது தீங்கன்று என்று வரையறுத்தல் எளிதாயில்லை. ஒரு முறை அழுத்தினால் தீங்கில்லாத அதே விசை, ஆயிரம் முறை தொடர்ந்தால் புண்ணாகும். கொப்புளம் எழுந்த இடத்தில் நம் தோல் முன்னிலும் கூர்மையாக உணர்ந்து, நம்மை நொண்டி நடக்கச் செய்து அவ்விடத்திற்கு ஓய்வு தரும். அக்கருவிகளோ காலையில் உணர்ந்ததையே மாலையிலும் உணர்ந்தன.

இவற்றினும் பெரிய இடையூறு மனித இயற்கையிலேயே இருந்தது. ஒலி கேட்டது, விளக்கு எரிந்தது, நோயாளரோ செய்த வேலையை நிறுத்தவில்லை. அவர்கள் அறிவிலிகளல்லர், தம் விரல் அழியும் என்பதையும் நன்கறிந்தவர்கள். எனினும் கைவேலை முடிவதற்குள் ஓர் ஒலிக்காக அதனைவிட அவர்கள் மனம் இசையவில்லை. ஆகவே பிராண்டின் குழுவினர் ஒலியையும் ஒளியையும் விடுத்து, உணர்வுள்ள அக்குளில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். அதிர்ச்சி வலித்தது. ஆனால் திருகாணியை முடுக்க விரும்பிய ஒருவர், அதிர்ச்சி வருமென்று தெரிந்து, கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் இயக்கிக்கொண்டார்! வலியை நிறுத்தும் விசை நம் கையில் இருக்குமாயின், வேண்டும்போதெல்லாம் அதனை நிறுத்தியே தீர்வோம் என்பதைப் பிராண்டு அன்று கண்டார். ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்பும் பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பொருளும் செலவான பின்னர் அம்முயற்சி கைவிடப்பட்டது.

நம் விரல் தீயிற் பட்டால், தீயென்று மூளை அறியுமுன்னரே முதுகுத்தண்டு நரம்பு கையை இழுத்துவிடுகின்றது. அங்கே ஆலோசனைக்கும் இடமில்லை, மறுப்பிற்கும் இடமில்லை. தொடுவுணர்வு என்பது செய்தி அறிவிக்கும் தூதுவன் மட்டுமன்று; அறிவித்ததை நிறைவேற்றும் அதிகாரமுடைய காவலனுமாம். தூதுவனைச் செய்யக் கற்றுக்கொண்ட பிராண்டின் குழுவினர், காவலனைச் செய்ய இயலாமல் நின்றனர்.

யந்திரக் கை

இவ்வுண்மை இன்றைய யந்திரக் கைகளை ஆக்குவோர்க்கும் உரியது. 1961இல் அமெரிக்க மோட்டார் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்கு வந்த யூனிமேட் என்னும் யந்திரக் கை, குறித்த இடத்திற்குச் சென்று குறித்தவாறு பிடிக்க மட்டுமே அறியும். அங்கே இரும்பு இருந்தாலும் மனிதன் கை இருந்தாலும் அதற்கு வேறுபாடில்லை. செங்கற்பட்டில் பிராண்டின் கையை நெரித்த அந்நோயாளரின் நிலையும் இதுவே: வலிமை உண்டு, அளவு தெரியாது.

மனிதனது ஓர் உள்ளங்கையிலும் விரல்களிலும் தொடுதலை அறியும் நரம்பு முனைகள் ஏறத்தாழ 17,000 உள்ளன என்று சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் 1979இல் கணக்கிட்டனர். அழுத்தம், அதிர்வு, தோலின் இழுப்பு, பொருள் நழுவும் நுண்ணிய அசைவு ஆகியவற்றை இவை பங்கிட்டுக்கொண்டு அறிகின்றன. இவற்றைப் போலச் செய்யப் பல வழிகள் ஆராயப்படுகின்றன. 2009இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் விரல்நுனிபோன்ற மெல்லிய பசைப்பொருளின் பின்னே படக்கருவியை வைத்து, பொருள் பட்டதும் அப்பசை குழிவதைப் படம் பிடித்துத் தொடுதலைக் கணிக்கும் உத்தியைக் கண்டனர். ஊற்றினைக் கண்ணால் அறியும் விந்தை இது. 2014இல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர், கையிழந்த ஒருவரின் நரம்பில் மின்முனைகளைப் பதித்து, செயற்கை விரலிற் பட்ட அழுத்தத்தை அவர் உணருமாறு செய்தனர். கண்ணைக் கட்டிய நிலையிலும் பொருளின் வடிவையும் கடினத்தையும் அவர் பகுத்துக் கூறினார்.

எனினும் பிராண்டு கண்ட இடையூறுகள் மூன்றும் இன்றும் அவர்கள் முன் நிற்கின்றன. மெல்லிய கருவி நாட்பட உழைக்க வேண்டும். இடமும் காலமும் அறிந்து உணர்வின் அளவு மாற வேண்டும். உணர்ந்தவுடன், தலைமை மூளையின் கட்டளைக்குக் காத்திராமல், விரலே தன் பிடியைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆயிரம் உணர்கருவிகளைப் பதித்து, அவை கூறுவனவற்றையெல்லாம் ஏட்டிற் பதிந்துவைக்கும் யந்திரம் தொடுவுணர்வு பெற்றதாகாது. உணர்ந்ததனால் தன் செயலை மாற்றிக்கொள்ளும் யந்திரமே அதனைப் பெற்றதாகும்.

இறுதிக்காலமும் முடிவுரையும்

1986இல் கார்வில் பணியினின்று ஓய்வுபெற்ற பிராண்டு, சியாட்டில் நகரிற் குடியேறி, அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலும்பு வைத்தியப் பேராசிரியராக இருந்தார். கையின் இயக்கத்தைப் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட நூல் கை வைத்தியர்க்கு வழிகாட்டியாயிற்று. பிலிப் யான்சி என்பவரோடு சேர்ந்து, மனித உடலின் அமைப்பையும் வலியின் பயனையும் பொதுமக்கட்கு விளக்கும் நூல்களையும் எழுதினார். 2003ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள் சியாட்டிலில் அவர் காலமானார்.

கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்தது முதல் தொழுநோய் முற்றும் குணமாகத் தக்க நோயாயிற்று. ஆயினும் 2023ஆம் ஆண்டில் உலகிற் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. மருந்து கிருமியைக் கொல்லும். இறந்த நரம்பை எழுப்பாது. ஆதலின் தோலில் உணர்வற்ற தேமலைக் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுதலும், சென்றவரை ஒதுக்காதிருத்தலும் இன்றும் நம் கடமைகளாம்.

மாணவ நண்பர்காள்! உங்களுட் சிலர் நாளை வைத்தியராவீர்கள். சிலர் பொறியாளராகி யந்திரங்களுக்குக் கையும் விரலும் அமைப்பீர்கள். பிராண்டு பெரிய கருவி எதனையும் ஆக்கி வெற்றி கண்டவரல்லர். பிறர் தொட அஞ்சிய கையைத் தொட்டு, அதன் பிடியிலே தாம் வலியுற்று, அவ்வலியிலிருந்து உண்மையை அறிந்தார். தமிழகத்து ஏழை நோயாளரின் விரல்களிடம் அவர் கற்ற அப்பாடம், உணர்வூட்டும் கருவிகளை ஆக்குவோர் அனைவரும் மீண்டும் கற்க வேண்டியதாக இன்றும் நிலைத்திருக்கின்றது. வலியை நீக்குதலையே இன்பமெனக் கருதும் நம்மனோர், அது நமக்கு ஆற்றும் காவலையும் ஒருகால் நினைந்து பார்ப்போமாக.